ஷெஃபீல்டில் இருந்து மேட்லாக் வரை: நான்-லீக் மைதானங்களுக்கு ஒரு பிப்ரவரி வாரம்

வெள்ளி: ஷெஃபீல்ட்

இங்கிலாந்துக் கால்பந்தில் பிரீமியர் லீக்கும் அதற்கு அடுத்த மூன்று பிரிவுகளும் சேர்ந்து 92 கிளப்கள். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் நான்-லீக். ஸ்டெப் 1-இல் இருந்து ஸ்டெப் 6 வரை தேசிய வரிசை, அதற்கும் கீழே உள்ளூர் லீக்குகள். மைதானம் மைதானமாகப் போய், மேட்ச் பார்த்து, கணக்கு எழுதி வைப்பவர்களை ஹாப்பர் என்கிறார்கள். எந்த அணி ஜெயித்தது என்பதைவிட எந்த மைதானத்தில் நின்றோம் என்பதே இவர்களுக்கு முக்கியம்.

ஷெஃபீல்டில் தங்குவதற்குக் காரணம் இருக்கிறது. உலகின் பழைய கால்பந்து கிளப்பும் பழைய கால்பந்து மைதானமும் இந்த ஊரைச் சுற்றித்தான் இருக்கின்றன. தெற்கே டெர்பிஷயர் பள்ளத்தாக்கில் ரயில் தொடும் தூரத்தில் இன்னும் சில நல்ல மைதானங்கள். எல்லாமே மலைச்சரிவு ஊர்கள் என்பதால் ஆடுகளமே சாய்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

பிப்ரவரியில் பாதி வேலை மேட்ச் நடக்குமா என்று கண்டுபிடிப்பதுதான். லீக்கின் இணையதளத்தில் அட்டவணையை எடுங்கள். சிறிய லீக்குகளுக்கு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ.வின் ஃபுல்-டைம் தளம். பிறகு அதே தேதியைக் கிளப்பின் சொந்தப் பக்கத்தில் ஒத்துப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் கிளப் சொல்வதை நம்புங்கள். அடுத்து, அந்த இரண்டு அணிகளில் ஏதாவது ஒன்று நான்-லீக் கோப்பைப் போட்டிகளான எஃப்.ஏ. ட்ராஃபியிலோ எஃப்.ஏ. வேஸிலோ இன்னும் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோப்பையில் ஒரு சுற்று ஜெயித்தால் அந்தச் சனிக்கிழமை லீக் மேட்ச் தானாகவே வேறு நாளுக்குப் போய்விடும். பலர் கவனிக்காதது எதிரணியின் கோப்பைக் கணக்கு. சொந்த அணி தோற்று வெளியேறியிருந்தாலும், வரவேண்டிய அணி வரமுடியாமல் போகலாம்.

ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் மூன்று மைதானங்களைக் குறித்து வைப்பது நல்லது. முதலாவது, பார்க்க விரும்பும் புல் மைதானம். இரண்டாவது, அதே ரயில் பாதையில் வேறொரு புல் மைதானம், முடிந்தால் தாழ்வான இடத்தில் இல்லாதது. மூன்றாவது, செயற்கைப் புல் போட்ட மைதானம். இங்கே 3ஜி என்பார்கள். 3ஜி மைதானத்தை ஹாப்பர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் மூன்று நாள் மழை பெய்த பிறகு அதுதான் கைகொடுக்கும்.

சனி: சாண்டிகேட், ஹாலம் எஃப்.சி.

காலை எட்டரைக்கு மேல் கிளப்பின் எக்ஸ் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். "பிட்ச் இன்ஸ்பெக்‌ஷன்" என்று ஓர் அறிவிப்பு வந்தால் சந்தேகம் இருக்கிறது என்று பொருள். அதில் நேரமும் போட்டிருப்பார்கள். பக்கத்து ஊர் நடுவர் ஒருவர் வந்து பார்ப்பார். சில நாள் மேட்ச் நடுவரே மதியம் இன்னொரு தடவை பார்ப்பார். "பி-பி" என்று இரண்டு எழுத்து வந்தால் ஒத்திவைப்பு.

அவர் பார்ப்பது என்ன? மழை நாளில் பந்தைத் தோள் உயரத்தில் இருந்து விடுவார். எழும்பாமல் சொத்தென்று உட்கார்ந்தால் அந்த இடம் போச்சு. பிறகு பந்தைத் தரையோடு உருட்டுவார். தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஓடி நின்றுவிட்டால் அதுவும் போச்சு. கோல் வாயில், பெனால்டி பகுதி, சரிவின் கீழ் மூலை, இந்த மூன்றும்தான் முதலில் கெடும். உறைபனி நாளில் கணக்கு வேறு. பூட்ஸ் ஆணி தரையில் இறங்குகிறதா என்று குதிகாலால் மிதித்துப் பார்ப்பார். வெயில் பட்ட பாதி இளகியிருக்கும். ஸ்டாண்டின் நிழல் விழும் பாதி கல்லாகக் கிடக்கும். பெரும்பாலான உறைபனி ஒத்திவைப்புகளுக்கு அந்த நிழல் துண்டுதான் காரணம். புகைப்படத்தில் ஆடுகளம் பச்சைப் பசேல் என்று இருக்கிறதே என்று கிளப்பைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

சாண்டிகேட் ஷெஃபீல்டின் மேற்கே கிராஸ்பூல் பகுதியில், மேட்டின் மேல் இருக்கிறது. டிராம் அந்தப் பக்கம் போகாது. நகர மையத்தில் இருந்து லாட்ஜ் மூர் போகும் 51ஆம் எண் பேருந்தில் ஏறுங்கள். இங்கிலாந்தில் 2025 முதல் ஒரு பேருந்துப் பயணத்துக்கு 3 பவுண்ட்தான் உச்சவரம்பு. நடந்து போகலாம் என்று வரைபடத்தைப் பார்த்துச் சிலர் கிளம்புவார்கள். வரைபடத்தில் ஏற்றம் தெரியாது.

1804 முதல் இங்கே கிரிக்கெட் நடக்கிறது. 1860 டிசம்பர் 26 அன்று ஹாலமும் ஷெஃபீல்ட் எஃப்.சி.யும் மோதிய மேட்ச்தான் இந்த இடத்தை வரலாற்றில் ஏற்றியது. உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் என்று கின்னஸ் அங்கீகரித்திருக்கிறது. பழமையைப் பார்க்கப் போகிறவர்கள் கல் கட்டடம் எதையோ எதிர்பார்த்துப் போய் ஏமாறுவார்கள். ஸ்டாண்ட் சின்னது, ஆடுகளத்தைச் சுற்றி இரும்புக் கம்பி, பக்கத்திலேயே கிரிக்கெட் களம். பழையது அந்தத் தரைதான்.

தரையைக் கவனியுங்கள். சாய்வு கண்ணுக்கே தெரியும். மேட்டை நோக்கி ஆடும் அணி நீளமாக உதைக்கும் பந்து பாதியில் நின்று திரும்பப் பார்க்கும். பள்ளத்தை நோக்கி உதைத்தால் விங்கர் எட்டிப் பிடிப்பதற்குள் கோட்டைத் தாண்டிப் போய்விடும். மூர் எனப்படும் திறந்த மேட்டுவெளிப் பக்கம் இருந்து காற்றும் சேர்ந்துகொண்டால் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் வெவ்வேறு ஆட்டங்களாக இருக்கும். அதனால் டாஸ் போடும்போதே கம்பிக்குப் போய்விடுங்கள். எந்த கேப்டன் எந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது அன்றைய காற்றைப் பற்றிச் சொல்லும்.

1867-இல் நடந்த யூடன் கோப்பை கால்பந்தின் முதல் கோப்பைப் போட்டி. அதை வென்றது ஹாலம். இறுதி ஆட்டத்தில் கோல் விழவில்லை. ஷெஃபீல்ட் விதிகளில் அப்போது இருந்த "ரூஜ்" என்ற துணைப் புள்ளியால் முடிவானது. கார்னர் கிக்கும் இந்த ஊர் விதிகளில் இருந்து வந்ததுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழ் மூலையில் ஒரு கார்னரைப் பார்ப்பது தனிச் சுகம்.

பணம்: ஸ்டெப் 5, 6 அளவில் நுழைவு பெரும்பாலும் 10 பவுண்டுக்குள் அடங்கும். ஸ்டெப் 3, 4-இல் 10 முதல் 15 வரை. கிளப் எந்த ஸ்டெப்பில் இருக்கிறது என்பது ஒவ்வொரு மே மாதமும் மாறும், விலையும் கூடவே மாறும். சுழல்வாயிலில் கார்டு எடுப்பார்கள். சில்லறை வேண்டியது உள்ளே இருக்கும் லாட்டரிச் சீட்டுக்கும், அன்றைய அணி விவரங்களை அச்சிட்ட மேட்ச் புத்தகத்துக்கும்தான். ஹாலமுக்கு இப்போது வரும் கூட்டம் இந்த ஸ்டெப்புக்குப் பெரிது. சனிக்கிழமைக்கு இணையத்திலேயே சீட்டு வாங்கிவிடலாம்.

ஞாயிறு: ஷெஃபீல்ட்

நான்-லீக் ஆண்கள் கால்பந்துக்கு ஞாயிறு ஓய்வு. மதியம் 2 மணிக்குப் பெண்கள் லீக் மேட்சுகள் நடக்கும், அதே மைதானங்களில், குறைந்த விலையில். முந்தைய நாள் ஒத்திவைப்பில் மைதானம் கைநழுவிப் போனவர்களுக்கு இது நல்ல வழி. காலையில் பூங்காக்களில் ஞாயிறு லீக் ஆட்டங்கள் உண்டு. அவற்றைக் கணக்கில் சேர்ப்பதா என்பதில் ஹாப்பர்களுக்குள் தீராத சண்டை.

இந்தக் கணக்கு விவகாரமே ஒரு தனி உலகம். 90 நிமிடமும் பார்த்தால்தான் சேரும் என்பது பொதுவாக ஒப்புக்கொண்டது. புத்தகம் அச்சிடாத மேட்சைச் சேர்க்காதவர்கள் இருந்தார்கள். இப்போது பல கிளப்கள் இணையத்தில் மட்டும் வெளியிடுவதால் அவர்கள் பாடு திண்டாட்டம். பந்தைக் கையால் தொட்டால்தான் ஆச்சு என்பவர்களும் உண்டு. பாதியில் நிறுத்தப்பட்ட மேட்சைப் பெரும்பாலோர் சேர்ப்பதில்லை. கணக்கு எழுத ஃபுட்பாலஜி என்ற செயலியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். நோட்டில் எழுதுகிறவர்களும் குறையவில்லை.

திங்கள்: பிராக்கன் மூர், ஸ்டாக்ஸ்பிரிட்ஜ்

மேட்ச் இல்லாத நாள். பகலில் பார்த்துவிட்டு வரலாம். மிடில்வுட் வரை டிராம், அங்கிருந்து இணைப்புப் பேருந்து. மெயின் ரோட்டில் இறங்கினால் மைதானம் தலைக்கு மேலே இருக்கும். செங்குத்தாக ஏற வேண்டும்.

1986-இல் இரண்டு கிளப்கள் இணைந்து உருவான ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் இங்கே ஆடுகிறது. ஜேமி வார்டி வாரம் 30 பவுண்டுக்கு ஆடியது இங்கேதான். லெஸ்டர் சிட்டி போய் பிரீமியர் லீக் வென்ற பிறகும் இந்த ஊர் அவரை விடவில்லை, ஒரு ஸ்டாண்டுக்கு அவர் பெயர். கதவு பூட்டியிருந்தால் வேலி தாண்ட வேண்டாம். கிளப்புக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போட்டால் புல் பராமரிப்பவர் இருக்கும் நேரத்தைச் சொல்வார்கள். இந்த அளவில் அவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆள், அவர் நேரத்தை மதியுங்கள்.

செவ்வாய்: டிரான்ஃபீல்ட், ஷெஃபீல்ட் எஃப்.சி.

1857 அக்டோபர் 24 அன்று தொடங்கிய கிளப், உலகின் மிகப் பழையது. ஆனால் 2001 முதல் ஷெஃபீல்டுக்கு வெளியே, மாவட்ட எல்லையைத் தாண்டி, டெர்பிஷயரின் டிரான்ஃபீல்டில் ஆடுகிறது. கிளப்பிடம் இருந்த பழைய ஆவணங்கள் 2011-இல் சோத்பிஸ் ஏலத்தில் 8,81,250 பவுண்டுக்குப் போயின. அவற்றில் கையால் எழுதிய விதிகளும் இருந்தன. சொந்த நகருக்குத் திரும்பும் திட்டம் நெடுநாளாகப் பேச்சில் இருக்கிறது. எனவே இந்த மைதானத்தைத் தள்ளிப்போடாமல் பார்ப்பது நல்லது.

ஷெஃபீல்டில் இருந்து ரயிலில் 10 நிமிடம் போல ஆகும். டிரான்ஃபீல்ட் நிலையத்தில் இருந்து நடை. வழி தெரியாவிட்டால் கோச் அண்ட் ஹார்சஸ் பப் எங்கே என்று கேளுங்கள், மைதானம் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வார நாள் இரவு மேட்சில் தப்பு நடப்பது திரும்பும் வழியில்தான். கணக்கைப் பாருங்கள். 7.45-க்குத் தொடக்கம், 45 நிமிடம், இடைவேளை 15, மீண்டும் 45, இரண்டு பாதியிலும் காயத்துக்கான நேரம். 9.35-க்கு முன் விசில் வராது, 9.40 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் மணிக்கு ஒன்று, இரவில் அதுவும் குறையும். ஒன்றை விட்டால் மேடையில் குளிரில் நிற்க வேண்டும். ஷெஃபீல்ட்–செஸ்டர்ஃபீல்ட் பேருந்தின் நேரத்தையும் சேர்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கோப்பை மேட்ச் என்றால் விதியைப் படித்துவிட்டுப் போங்கள். சிலவற்றில் 90 நிமிடம் முடிந்ததும் நேராக பெனால்டி. சிலவற்றில் கூடுதல் 30 நிமிடம், அதன் பிறகு பெனால்டி, மணி பத்தரையைத் தொட்டுவிடும். வெளியூரில் இருந்து வருபவர்கள் செவ்வாய்க்கு லீக் மேட்சையே தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

குளிர் மேலே இருந்து வராது, காலடி சிமெண்டில் இருந்து ஏறும். தடித்த அடி கொண்ட காலணியும் இரண்டு ஜோடி காலுறையும் போட்டாலும் எழுபதாவது நிமிடத்தில் விரல் மரத்துவிடும். பழைய ஹாப்பர்கள் ஒரு துண்டு அட்டைப் பெட்டியைக் காலுக்கடியில் போட்டு நிற்பதைப் பார்க்கலாம். சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது. மர ஸ்டாண்ட் இருந்தால் இரண்டாம் பாதிக்கு அங்கே போய்விடுங்கள்.

அணிப் பட்டியல் டீக்கடைப் பக்கம் வெள்ளைப் பலகையில் மார்க்கரால் எழுதியிருக்கும். கிளப்புக்குக் கிளப் இடம் மாறும், சில இடத்தில் பார் கவுண்ட்டரில் ஒட்டியிருக்கும். எழுதும் ஆள் அவசரத்தில் எதிரணியின் 6ஐயும் 8ஐயும் மாற்றிப் போடுவது சகஜம். சட்டையில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எனவே பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு முதல் பத்து நிமிடத்தில் சரிபாருங்கள். மாற்று ஆட்டக்காரர் இறங்கும்போது ஒலிபெருக்கியில் பெயர் சொல்வார்கள், காற்றில் பாதி போய்விடும். பக்கத்தில் நிற்கும் உள்ளூர்க்காரரைக் கேட்பதுதான் சுலபம். கேட்டால் அந்தப் பையனின் அப்பா இதே அணிக்கு ஆடியது வரை சொல்வார்.

சாப்பாடு: இந்தப் பக்கம் பை அண்ட் பீஸ். இறைச்சி பை, மேலே மசித்த பட்டாணி, அதன் மேல் புதினா சாஸ் அல்லது ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ். ஹெண்டர்சன்ஸ் ஷெஃபீல்டின் சொந்தச் சரக்கு, வொர்செஸ்டர் சாஸ் மாதிரி தெரியும், ஆனால் மீன் கிடையாது, சைவக்காரர்களும் ஊற்றிக்கொள்ளலாம். பாவ்ரில் என்று கோப்பையில் சூடாகத் தருவது மாட்டிறைச்சிச் சாறு. தேநீர் என்று நினைத்து வாங்கிவிட வேண்டாம். சிப்ஸ் மேல் ஊற்றும் கிரேவியிலும் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். இடைவேளை விசிலுக்கு இரண்டு நிமிடம் முன்பே வரிசைக்குப் போகிறவர்தான் இரண்டாம் பாதித் தொடக்கத்தைப் பார்ப்பார்.

பியர் பற்றி ஒரு வார்த்தை. 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி மேல் பிரிவுகளிலும் ஸ்டெப் 1-இலும் ஆடுகளம் தெரியும் இடத்தில் குடிக்கக் கூடாது. ஸ்டெப் 2-இல் இருந்து கீழே அந்தத் தடை இல்லை. பிளாஸ்டிக் கோப்பையோடு கம்பியில் சாய்ந்து நிற்கலாம். கண்ணாடி டம்ளரை மட்டும் கிளப் ஹவுஸை விட்டு வெளியே கொண்டுவர விடமாட்டார்கள்.

புதன்: பக்ஸ்டன்

முந்தைய இரவு மேட்ச் ஒத்திவைக்கப்பட்டிருந்தால் மாற்றாக வைத்திருக்க வேண்டிய ஊர் இது. பக்ஸ்டனின் சில்வர்லாண்ட்ஸ் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,000 அடியில் இருக்கிறது. அந்த உயரத்தில் புல் பிப்ரவரியைத் தாங்காது என்பதால் செயற்கைப் புல் போட்டுவிட்டார்கள். மழைக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் கனத்த பனிப்பொழிவு என்றால் 3ஜியும் உதவாது. கோடுகள் தெரிய பனியை வழித்தாக வேண்டும், சாலையும் திறந்திருக்க வேண்டும்.

2022-இல் ஸ்டெப் 2 ஆன நேஷனல் லீக் நார்த்துக்கு ஏறிய கிளப். கூட்டம் அதிகம், விலையும் அதிகம். மற்ற மைதானங்களில் இடைவேளைக்கு இரு தரப்பு ரசிகர்களும் கோல் பின்புறத்தை மாற்றிக்கொண்டு நடப்பார்கள். தன் அணி தாக்கும் கோலுக்குப் பின்னால் நிற்பதுதான் வழக்கம். ஸ்டெப் 2-இல் பெரிய வெளியூர்க் கூட்டம் வந்தால் சில நாள் பிரித்துவிடுவார்கள், அப்போது அந்தச் சுதந்திரம் இல்லை.

போக்குவரத்துதான் சிக்கல். ஷெஃபீல்டில் இருந்து நேர் ரயில் கிடையாது. 65ஆம் எண் பேருந்து மலை வழியாக வரும், இரவு மேட்ச் முடிந்து திரும்ப அதை நம்ப முடியாது. மான்செஸ்டர் போய் அங்கிருந்து பக்ஸ்டன் ரயில் பிடிக்கலாம், ஒரு மணி நேரம் போல ஆகும். இரவு மேட்ச் என்றால் ஊரிலேயே தங்கிவிடுவது மேல்.

வியாழன்: பெல்பர்

பகல் பார்வைக்கு மட்டும். நிலையத்தில் இருந்து ஊரைக் கடந்து பாலம் நோக்கி நடந்தால் பெல்பர் டவுனின் மைதானமான கிரைஸ்ட்சர்ச் மெடோ. மைதானத்துக்கு மேல் ஈஸ்ட் மில்லின் செங்கல் சுவர் எழும்பி நிற்கிறது. டெர்வென்ட் பள்ளத்தாக்கின் பஞ்சாலைகள் 2001-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை, கோல் கம்பத்துக்குப் பின்னால் உலகப் பாரம்பரியச் சின்னம் நிற்கும் மைதானம் அதிகம் கிடையாது. ஆற்றங்கரை மைதானம் என்பதால் மழை வாரத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியதும் இதுதான். படம் எடுக்க மதியத்துக்கு முந்தைய வெளிச்சம் போதும். கிளப்பின் பட்டப்பெயர் நெய்லர்ஸ், ஆணி செய்த ஊர் என்பதன் நினைவு.

சனி: காஸ்வே லேன், மேட்லாக் டவுன்

வாரத்தின் கடைசி மைதானம், பார்வைக்கு வாரத்திலேயே சிறந்தது. மலை உச்சியில் ரைபர் கோட்டை. ஜான் ஸ்மெட்லி என்ற ஆலை முதலாளி 1860-களில் வீடாகக் கட்டியது, சண்டை பார்த்த கோட்டை அல்ல. ஒரு பக்கம் முழுக்க கிரிக்கெட் களம். அந்தப் பக்கம் ஸ்டாண்ட் கிடையாது, எனவே மூன்று பக்கம்தான் நிற்கலாம். கோட்டை பின்னணியில் வரும்படி படம் வேண்டுமானால் எதிர் மூலையைத் தேடிக்கொண்டு 2.15-க்குள் உள்ளே இருங்கள். 2.40-க்கு மேல் கம்பியோரம் ஆட்கள் நிறைந்துவிடுவார்கள். பிப்ரவரியில் மூன்று மணி வெயில் தாழ்ந்து தென்மேற்கில் இருந்து கண்ணில் அடிக்கும், அதை முதுகுக்குப் பின் வைத்து நில்லுங்கள்.

1975-இல் வெம்ப்ளியில் ஸ்கார்பரோவை 4-0 என்று வென்று எஃப்.ஏ. ட்ராஃபியைக் கொண்டுவந்த அணி இது. அந்த அணியில் ஃபெனாட்டி சகோதரர்கள் மூவர் ஆடினார்கள். அந்த ஆட்டத்தைப் பற்றிக் கிளப் ஹவுஸில் கேட்டால் புத்தகம் வாங்கவே தேவையில்லை.

போக இரண்டு வழி. டெர்பி வழியாக ரயில், பெல்பரைத் தாண்டி மேட்லாக் கிளைப் பாதையின் கடைசி நிலையம். அல்லது செஸ்டர்ஃபீல்டில் இருந்து பேருந்து. டெர்பிஷயர் வேஃபாரர் என்ற ஒரு நாள் சீட்டில் பேருந்து, ரயில் இரண்டிலும் போகலாம். ஒரு வழியில் போய் மறு வழியில் திரும்புகிறவர்களுக்கு இது லாபம். வாங்கும் முன் அன்றைய நேர நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

மேட்ச் 4.50-க்கு முடியும். நிலையம் ஆற்றுப் பாலம் தாண்டி, ஹால் லீஸ் பூங்கா வழியாக 10 நிமிட நடை. ரயில் மணிக்கு ஒன்று போலத்தான். காயத்துக்கான நேரம் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஓடிப்போய் ஏறுவதைவிட கிளப் ஹவுஸில் மற்ற மேட்சுகளின் முடிவுகளைப் பார்த்துவிட்டு அடுத்ததில் ஏறுங்கள். டெர்பியில் ஷெஃபீல்ட் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அடுத்த சனிக்கிழமை அட்டவணையையும் எடுத்துவிடலாம்.